அரிய பட்டாம்பூச்சிகளைத் தேடி ஒரு காலை நடை: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் என்னோடு நடக்க வருபவர்கள் முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விகளையும், வழியில் கேட்பவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பூச்சிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் வழங்குகிறபடியே எழுதியிருக்கிறேன். காட்டில் எதிரே வரும் சீன ஆன்ட்டியிடமோ மலாய் அண்ணனிடமோ கேட்கும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

இவ்வளவு கட்டடங்களுக்கு நடுவில் பட்டாம்பூச்சி பார்க்க என்ன இருக்கப் போகிறது?

சிங்கப்பூரில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டன் முழுவதையும் சேர்த்தாலும் இனங்களின் எண்ணிக்கை சுமார் அறுபதுதான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், மலாயாக் காட்டின் வால்நுனியில் இருப்பதால் வந்த வாய்ப்பு இது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1854ல் இங்கே வந்திறங்கி, புக்கிட் தீமா பக்கம் தங்கிப் பூச்சி சேகரித்தார். இரண்டு மாதங்களில் வண்டுகளில் மட்டுமே சுமார் 700 இனங்கள் அவருக்குக் கிடைத்தன. அன்றிலிருந்து இன்று வரையான ஏறத்தாழ 160 ஆண்டுகளில் இந்தத் தீவு தன் பட்டாம்பூச்சி இனங்களில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிட்டது என்று 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாம் தேடிப் போவது மிச்சமிருப்பவற்றை. அவற்றிலும் பல, கைவிட்டு எண்ணிவிடக்கூடிய சில இடங்களில் மட்டுமே இருக்கின்றன.

விமான நிலையத்திலேயே பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறதே, அங்கே போனால் போதாதா?

சாங்கி மூன்றாம் முனையத்துத் தோட்டத்தைச் சொல்கிறீர்கள். கடப்பிதழ்ச் சோதனையைத் தாண்டினால்தான் உள்ளே போக முடியும். ஊருக்குப் போகிற அன்று கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பாருங்கள், நல்ல இடம். பழத்தட்டில் உட்கார்ந்திருக்கும் பூச்சி உறிஞ்சுகுழலைச் சுருட்டுவதையும் விரிப்பதையும் ஒரு சாண் தூரத்தில் பார்க்கலாம். ஆனால் அவை கொண்டுவந்து விடப்பட்டவை. அங்கே எதைப் பார்த்தாலும் அதை "பார்த்த இனங்கள்" பட்டியலில் சேர்க்க மாட்டோம்.

"அரியது" என்று எதைச் சொல்கிறீர்கள்? எண்ணிக்கை குறைவானதையா?

எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒரு பூச்சி அரிதாவதற்குப் பல வழிகள் உண்டு.

சில இனங்கள் காட்டின் உள்நிழலை விட்டு வெளியே வருவதில்லை. ஆர்ச்ட்யூக், சாட்டர்ன் போன்றவை அந்த வகை. மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்குள் போனால் கண்ணில் படும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் பூங்காவில் வருடக்கணக்கில் நின்றாலும் படாது. சாட்டர்ன் உள்ளங்கை அளவு பெரியது. ஆணின் கரும்பழுப்பு இறக்கையில் ஊதா கலந்த நீலப் பட்டை ஓடும். இவ்வளவு பெரிய பூச்சி எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்று கேட்பீர்கள். அது பறப்பது விடியும் வேளையிலும் அந்தி மங்கும் நேரத்திலும், அதுவும் தரையை ஒட்டித்தான். பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும். காலுக்கடியிலிருந்து அது எழும்பும்போதுதான் அங்கே இருந்ததே தெரியும்.

வேறு சில ஒரே ஒரு கொடியை நம்பியிருப்பவை. கொடி இருந்தால் பூச்சியும் இருக்கும்.

இன்னும் சில மலேசியாவின் ஜொகூர்ப் பக்கமிருந்து எப்போதாவது நீரிணையைக் கடந்து வருபவை. அவற்றைப் பார்ப்பது லாட்டரிச் சீட்டு விழுவதைப் போலத்தான். அதற்காகத் திட்டமிட்டுப் போவதில் பொருளில்லை.

கடைசி வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது: நம் கண் முன்னாலேயே இருந்துகொண்டு ஒளிந்திருப்பவை. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை, இங்கே கெரங்கா என்கிற அந்த முசுற்றை, எல்லாருக்கும் தெரியும். கடி வாங்காதவர் குறைவு. அந்தக் கூட்டுக்குள் மாத் பட்டர்ஃபிளை என்ற ஓர் இனத்தின் புழு வளர்கிறது. தட்டையான, தடித்த தோல். ஓரங்கள் கீழே படிந்து மூடியிருப்பதால் எறும்பு கடிக்கப் பிடி கிடைக்காது. அது உள்ளே உட்கார்ந்துகொண்டு எறும்பின் குஞ்சுகளையே தின்கிறது. அந்தத் தோலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பட்டாம்பூச்சியாக வெளிவரும் நேரம்தான் ஆபத்து. அப்போது உடம்பு மென்மையானது, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் எறும்புகள். அதனால் மேலெல்லாம் எளிதில் உதிரும் வெளிறிய செதில்களைப் போர்த்திக்கொண்டு வருகிறது. கடிக்க வரும் எறும்பின் வாயிலும் காலிலும் அந்தச் செதில்கள் ஒட்டிக்கொள்ளும். எறும்பு அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பூச்சி நடந்து வெளியேறிவிடும். கெரங்கா கூடு தீவெங்கும் இருக்கிறது. இந்தப் பூச்சியைப் பார்த்தவர்களோ மிகச் சிலர்.

எங்கே போகலாம்? புக்கிட் தீமா மலை ஏறினால் போதுமா?

மலை உச்சிக்குப் போகும் தார்ச்சாலையில் ஞாயிறு காலையில் மனிதர்கள்தான் அதிகம். 163 மீட்டர் ஏறி இறங்குவது உடம்புக்கு நல்லது, பூச்சி பார்க்க அது இடமில்லை. அந்த மலையைச் சுற்றியுள்ள பகுதிகளைத்தான் நான் சொல்வேன். ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் டேரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. வாலஸ் பெயரில் ஒரு கல்வி நிலையமும் பாதையும் அங்கே உண்டு. காடு முடிந்து வெளிச்சம் தொடங்கும் விளிம்பு அங்கே நீளமாக இருக்கிறது. முற்றிய காட்டுக்குள் சில இனங்கள், வெட்டவெளியில் வேறு சில. விளிம்பில் இரண்டு கூட்டமும் வந்து போகும். பழைய ரயில்பாதையை நடைபாதையாக்கிய ரயில் காரிடாரும் அப்படிப்பட்டதுதான்.

அடர்காட்டு இனங்கள் வேண்டுமென்றால் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், மண்டாய் பக்கம் போக வேண்டும். இந்தக் காட்டையும் புக்கிட் தீமாவையும் 1980களில் போட்ட விரைவுச்சாலை இரண்டாகப் பிளந்தது. 2013ல் அதன்மேல் விலங்குகளுக்காக ஒரு பசுமைப் பாலம் கட்டினார்கள். நிழலுக்குள்ளேயே வாழும் பூச்சிக்கு அகன்ற சாலை என்பது நமக்குக் கடல் மாதிரி. பாலத்தின் மேல் மரங்கள் வளர வளரத்தான் அதற்கும் வழி திறக்கும்.

உபின் தீவில் பட்டர்ஃபிளை ஹில் என்று ஒரு சிறு மேடு இருக்கிறது. வெற்று மேடாகக் கிடந்ததில் தேன்செடிகளையும் புழுக்கள் தின்னும் செடிகளையும் பார்த்துப் பார்த்து நட்டு உருவாக்கினார்கள். முதல்முறை வருபவர்களை நான் அங்கேதான் கூட்டிப் போவேன். அரைமணி நேரத்தில் கண் பழகிவிடும்.

ஆர்ச்சர்டிலும் 2010லிருந்து சுமார் 4 கிலோமீட்டருக்கு ஒரு பட்டாம்பூச்சிப் பாதை இருக்கிறது. கடைத்தெருவில் ப்ளூபாட்டில் என்ற பட்டாம்பூச்சி பறப்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். அரியது தேடுவோருக்கு அது இரண்டாம் பட்சம்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? பறவை பார்ப்பவர்கள் மாதிரி இருட்டோடு எழ வேண்டுமா?

தேவையில்லை. இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில். பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். எட்டரைக்குப் பாதையில் கால் வைத்தால் போதும்; ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை சுறுசுறுப்பான நேரம். எட்டரைக்கு ஏன் என்றால், அப்போது அவை இலை மேல் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டு அசையாமல் இருக்கும். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் பொன்னான வேளை.

முதல் நாள் இரவு நல்ல மழை, காலையில் பளிச்சென்று வெயில். அப்படி ஒரு நாள் அமைந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரலாம்.

எந்த மாதம்?

ஆண்டு முழுவதும் பார்க்கலாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை நாள்களைக் கெடுக்கும். புகைமூட்டம் வந்தால் யாரும் போக வேண்டாம்.

அவ்வளவு பெரிய காட்டில் எங்கே என்று தேடுவது?

பூச்சியைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

பட்டாம்பூச்சி தேன் குடிக்கப் பல பூக்களுக்குப் போகும். ஆனால் அதன் புழு தின்பது பெரும்பாலும் ஒரு சில செடிகளை மட்டுமே. தாய் அந்தச் செடியைத் தேடி வந்துதான் முட்டையிட வேண்டும். எனவே செடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குப் பூச்சி எங்கே வரும் என்பதும் தெரியும்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாதிச் செடிகளை ஊரிலேயே பார்த்திருக்கிறோம். எருக்கு இங்கும் வளர்கிறது. பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே எருக்கில்தான் பிளைன் டைகர் முட்டையிடும். இலையைப் புரட்டினால் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியோடு புழு இருக்கும். மாமரத்திலும் சாலையோர மரங்களிலும் தொற்றிக்கொண்டு வளரும் புல்லுருவியைத் தோட்டக்காரர்கள் வெட்டி எறிவார்கள். பெயின்டட் ஜெசபெல்லின் புழுக்கள் அதைத் தின்றுதான் கூட்டமாக வளர்கின்றன. பீகாக் ராயல் என்ற நீல நிறச் சிறு பூச்சிக்கும் அதுவே வீடு. புல்லுருவி படர்ந்த மரத்தடியில் அண்ணாந்து நிற்பவரைப் பார்த்தால் அவர் நம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காமன் ரோஸும், அதைவிடப் பெரிய காமன் பேர்ட்விங்கும் அரிஸ்டலோக்கியா என்ற கொடியை நம்பி இருக்கின்றன. ஊரில் பாம்புக்கடி மருந்து என்று சொல்லும் ஈஸ்வரமூலிக்குச் சொந்தக்காரக் கொடி அது. கொடியில் நஞ்சு இருக்கிறது. புழு அதைத் தின்று நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்து பறக்கும்போதும் அந்த நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவை அண்டாது. பேர்ட்விங் கறுப்பும் தங்க மஞ்சளுமாக மரத்தலைக்கு மேல் பறக்கும்போது தூரத்தில் ஏதோ சிறு பறவை என்றுதான் தோன்றும். அதன் அனைத்துலக வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அந்தக் கொடியைப் பூங்காக்களில் நட நட, இந்த இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது.

முட்டையிடும் செடி போக, ஆண் பூச்சிகள் மொய்க்கும் செடிகளும் உண்டு. கிலுகிலுப்பைச் செடியில் காய் முற்றிக் கறுத்துத் தொங்கும்போது அருகில் போய் நில்லுங்கள். டைகர், குரோ வகை ஆண்கள் காயைக் காலால் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தேள்கொடுக்குச் செடியின் வாடிய கிளையிலும் இதே கூட்டம் இருக்கும். அவற்றுக்குத் தேவை தேன் இல்லை, செடியில் உள்ள ஒரு கசப்பு வேதிப்பொருள். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. அந்த மயக்கத்தில் இருக்கும்போது நீங்கள் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாலும் பறக்காது.

சேற்றிலும் சாணத்திலும் பட்டாம்பூச்சி உட்காருமாமே, உண்மையா?

உண்மைதான். பூவும் பட்டாம்பூச்சியும் சேர்ந்த நாள்காட்டிப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல்முறை கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஈரமணலில் கரைந்திருக்கும் உப்புக்காக ஆண் பூச்சிகள் வரும். சாக்லேட் அல்பட்ராஸ், ஃபைவ் பார் ஸ்வார்ட்டெயில், பிளைன் நவாப் இவற்றையெல்லாம் ஓடைக்கரையில்தான் நிதானமாகப் பார்க்க முடியும். நவாப் என்று பெயர் வைத்தவர் அது எதன்மேல் உட்காருகிறது என்று பார்த்திருக்க மாட்டார்.

ஆர்ச்ட்யூக்குக்கு விழுந்து அழுகிய காட்டத்திப் பழம் பிடிக்கும். அத்திமரத்தடியில் நின்றால் சருகுக்கு மேல் அது இறக்கையை விரித்து மூடும். ஆண் கறுப்பு, பின்னிறக்கை ஓரத்தில் பச்சை கலந்த நீலம். பெண்ணுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. இரண்டும் ஒரே இனம் என்று முதலில் நம்ப மாட்டீர்கள். அதோடு விடாமல் உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமாக இருந்தால் சாதாரண ஆர்ச்ட்யூக். கறுப்பாக இருந்தால் சத்தம் போடாமல் எல்லாரையும் கைகாட்டி அழையுங்கள், அது பிளாக் டிப்ட் ஆர்ச்ட்யூக்காக இருக்கலாம்.

பழத்தை நாமே கொண்டுபோய் வைக்கலாமா என்று ஒருவர் தவறாமல் கேட்பார். கூடாது. குரங்கு முதலில் வரும், அதன் பின் கதை வேறு. காட்டுவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

நம் தேசியப் பட்டாம்பூச்சி எது? அதை எப்படி அடையாளம் காண்பது?

காமன் ரோஸ். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2015ல் நடத்திய பொதுவாக்கெடுப்பில் வென்றது. சிவப்பும் வெள்ளையும் இருப்பதால் நாட்டுக் கொடியை நினைவூட்டுகிறது என்று வாக்களித்தவர்கள் பலர்.

அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. காமன் மோர்மன் என்ற வேறோர் இனத்தில், பெண்களில் ஒரு வகை அப்படியே காமன் ரோஸைப் போல வேடம் போட்டுக்கொண்டு திரியும். அதே கறுப்பு, அதே வெள்ளைத் திட்டு, அதே சிவப்புப் புள்ளிகள், பின்னிறக்கையில் அதே வால். நஞ்சு மட்டும் கிடையாது. நஞ்சுள்ளவளின் உடையைப் போட்டுக்கொண்டால் பறவை விட்டுவிடும் என்ற கணக்கு. இறக்கையைப் பார்த்தால் குழம்பிப் போவீர்கள், உடம்பைப் பாருங்கள். உண்மையான ரோஸுக்கு வயிறும் தலையும் சிவப்பு. வேடக்காரிக்கு உடம்பு கறுப்பு. பூவில் தேன் குடிக்கும்போது இறக்கை படபடக்கும் இடைவெளியில் இது தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார். "இதெல்லாம் நம்ம ஊர்லயே இருக்கேப்பா" என்கிறார். என்ன பதில் சொல்வது?

மாமா சொல்வதில் பாதி சரி. லைம், மோர்மன், பிளைன் டைகர், டெய்ல்ட் ஜே எல்லாம் அங்கும் உண்டு. அவருக்கு டானி காஸ்டரைக் காட்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு புல்வெளியில் மெதுவாகப் பறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த இனம் அது. தாய்லாந்து, மலேசியா என்று படிப்படியாகக் கிழக்கே வந்து 2006ல் சிங்கப்பூரில் பார்க்கப்பட்டது. இங்கேயும் நிற்கவில்லை. 2012ல் ஆஸ்திரேலியாவில் இறங்கிவிட்டது. விசா இல்லாமல் இவ்வளவு தூரம் போன நம்மூர்க்காரர் வேறு யாருமில்லை என்றால் மாமா சிரிப்பார்.

லெப்பர்ட் லேஸ்விங் கதையும் கிட்டத்தட்ட இதுதான். வடக்கேயிருந்து வந்து 2005ல் இங்கே முதலில் பதிவானது. அன்று அதைப் பார்க்க ஆட்கள் ஓடினார்கள். இன்று வேலியோரத்தில் சிறுபூனைக்காலிக் கொடி படர்ந்த இடமெல்லாம் அதுதான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரியது என்ற பட்டம் நிரந்தரம் இல்லை, இரண்டு திசையிலும்.

மாமாவுக்குக் காட்டில் மட்டுமே கிடைப்பது வேண்டுமென்றால் யாம்ஃபிளை, ஃப்ளஃபி டிட் இரண்டையும் காட்டுங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. ஃப்ளஃபி டிட்டுக்குப் பின்னிறக்கையில் வெள்ளைப் பஞ்சு நூலாக நீண்ட வால்கள், லேசான காற்றுக்கும் ஆடும். சின்னவற்றுக்காக நேரம் ஒதுக்காதவர்கள் இந்தத் தீவின் பட்டாம்பூச்சிகளில் நல்லதைப் பார்க்காமலே போகிறார்கள் என்பது என் கட்சி.

பெரிய கேமரா வேண்டுமா?

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். கைப்பேசி போதும். பணம் செலவழிப்பதென்றால், இரண்டு மீட்டருக்குள் குவியும் தொலைநோக்கி ஒன்று வாங்குங்கள். பறவைக்காக வாங்கிய பழைய தொலைநோக்கிகள் பல கிட்டத்தில் குவியாது. பிறகு ஆசை விடவில்லையென்றால் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். ஃபிளாஷைக் கண்டபடி அடிக்காதீர்கள்.

கிட்டே போனாலே பறந்துவிடுகிறதே?

உங்கள் நிழல் அதன்மேல் விழுகிறது. அதுதான் முதல் காரணம். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, நிழல் பின்னால் விழும்படி சுற்றி வாருங்கள். நின்றபடி குனியாமல் தூரத்திலேயே குத்துக்காலிட்டு, அங்கிருந்து தவழ்ந்து போவது நல்லது. பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். பல இனங்களில் ஆணுக்குச் சொந்த இலை உண்டு. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இலைக்கு வந்து உட்காரும். நீங்கள் அங்கேயே இருந்தால் அதுவே உங்களிடம் வரும்.

பிடிக்கலாமா? ஒன்றே ஒன்று, பள்ளி ஒப்படைப்புக்கு?

கூடாது. இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் பூச்சி, புழு, செடி எதையும் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வலை வைத்திருப்பவர்கள் அனுமதி பெற்ற ஆய்வாளர்கள். பள்ளிக்குப் படம் போதும். பாதையை விட்டு இறங்குவதும், டிரோன் பறக்கவிடுவதும் கூடாது.

குரங்கு, பாம்பு, கொசு?

குரங்குக்கு பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். பாம்பு உங்களைப் பார்த்தால் விலகிவிடும். கொசுதான் மெய்யான தொல்லை. முழுக்கை, நீளக்காற்சட்டை, கொசுமருந்து. மருந்து தடவிய கையால் இலைப்புழுவைத் தொடக்கூடாது. இடி கேட்டால் வெட்டவெளியில் நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டி வரலாமா?

ஹார்ட்பார்க், பூமலை (தாவரவியல் பூங்கா) போன்ற சமதளமான இடத்துக்குக் கூட்டி வாருங்கள். சக்கர நாற்காலியும் போகும். அம்மாக்கள் பூவைப் பார்க்கும் வேகமே தனி. நாங்கள் தவறவிட்டதை அவர்கள் காட்டிய காலைகள் உண்டு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் கருவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறேன். இலையெல்லாம் ஓட்டை. என்ன மருந்து அடிப்பது?

மருந்தை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் வீட்டுக்கு மோர்மனோ லைமோ வந்திருக்கிறது. தளிரின்மேல் பறவை எச்சம் போல ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சின்னப் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பிளவுபட்ட நாக்கு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். எறும்பை விரட்ட அது கையாளும் வழி. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை ரசத்துக்குத் தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியில் செடி மறுபடி துளிர்க்கும்.

இரண்டு தொட்டி இருந்தால் ஒன்று நமக்கு, ஒன்று அதற்கு என்று வைத்துக்கொண்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

தங்கை திருமணத்தில் பட்டாம்பூச்சி பறக்கவிட நினைக்கிறோம்…

வேண்டாம். பெட்டிக்குள் குளிரவைத்துக் கொண்டுவரும் பூச்சிகளில் பல, திறந்ததும் தரையில் விழும். வெளியூர் இனமாக இருந்தால் அது வேறு தலைவலி. பூவிதழ் தூவுங்கள்.

அரியதைப் பார்த்துவிட்டேன். யாரிடம் சொல்வது?

முதலில் படம், தேதி, நேரம், எந்தச் செடியில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செடியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அடுத்து வருபவருக்கு அதுதான் வேண்டும். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. இறக்கையின் அடிப்பக்கம் ஒன்று, மேல்பக்கம் ஒன்று எடுக்கப் பாருங்கள். சிறு நீலப் பூச்சிகளை அடிப்பக்கக் கோடுகளை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மிக அரிய இனமென்றால் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள், அதற்கு அந்தச் செயலியிலேயே வசதி இருக்கிறது. ஃபேஸ்புக்கில் "இந்த விளக்குக்கம்பத்துக்குப் பக்கத்தில்" என்று போட்டால் மறுநாள் கேமரா முக்காலிகளோடு கூட்டம் கூடி, புழு இருந்த செடியையே மிதித்துவிடும். படம் நன்றாக வரவேண்டும் என்று கிளையை ஒடித்து வெளிச்சத்துக்கு நகர்த்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்பவர்கள் நம் நடைக்கு இரண்டாம்முறை அழைக்கப்படுவதில்லை.

உபினுக்கு எப்படிப் போவது? முன்பதிவு உண்டா?

முன்பதிவு இல்லை. சாங்கி முனைப் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். விசைப்படகில் 12 பேர் சேர்ந்ததும் கிளப்புவார்கள். அவசரமென்றால் மீதி இடத்துக்கும் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். கையில் ரொக்கம் வைத்திருங்கள். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே சாங்கி கிராம உணவங்காடி இருக்கிறது. நாசி லெமாக் வரிசை காலையிலேயே நீண்டுவிடும். அதில் நிற்பதா, ஒன்பது மணி வெயிலைப் பிடிப்பதா என்பதை அவரவர் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வரவும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்.